தடையிலிருந்து தொடங்குங்கள்: பெண் துப்பறியும் வரலாற்று மர்ம நாவலை எழுதும் முறை

வரலாற்று மர்ம நாவல் எழுத முனைபவர்கள் பெரும்பாலும் கொலையிலிருந்து தொடங்குகிறார்கள். இறந்தவர் யார், எப்படி இறந்தார், கொன்றவர் யார் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை எழுதி வைத்துக்கொண்டு, அதன் பிறகே துப்பறிய ஒருவரைத் தேடுகிறார்கள். அந்த ஒருவர் ஊர்க் கட்டுப்பாட்டை மீறிய பெண்ணாக இருக்கட்டும் என்று அவர்கள் தீர்மானிக்கும் வேளையில் கதை ஏற்கெனவே முடிந்திருக்கும். அவள் அதன்மேல் சுற்றிவிட்ட புடவையாக மட்டுமே நிற்பாள். அப்படிப்பட்ட நாவலில் நாயகி நள்ளிரவில் சுவரேறிக் குதிக்கிறாள், இன்ஸ்பெக்டரிடம் வாதாடுகிறாள், கோர்ட்டுக்குப் போகிறாள். மறுநாள் காலையில் வீட்டில் ஒருவர்கூட அவளை எங்கே போயிருந்தாய் என்று கேட்பதில்லை. காலம் வெறும் திரைச்சீலையாகிவிட்டது என்பதை வாசகர் அங்கேயே கண்டுகொள்கிறார்.

நான் பரிந்துரைக்கும் வழி வேறு. நீங்கள் எடுத்துக்கொண்ட ஆண்டில், அந்த ஊரில், அந்தச் சாதியில், அந்த வயதில் இருந்த ஒரு பெண் எங்கே போகக் கூடாது, யாரோடு பேசக் கூடாது, எதைத் தொடக் கூடாது, எந்தக் காகிதத்தில் அவளுடைய கையெழுத்துக்கு மதிப்பில்லை என்பதை முதலில் எழுதுங்கள். பிறகு அதே வீட்டில், அதே தெருவில், ஆண்கள் எங்கே போக முடியாது, எதைப் பார்க்க முடியாது, யாரிடம் கேள்வி கேட்க முடியாது என்று எழுதுங்கள். இந்த இரண்டு பட்டியல்களும் ஒன்றையொன்று தொடும் இடத்தில் குற்றத்தை வையுங்கள். அவளை வெளியே நிறுத்துகிற வழக்கமே வேறு யாருக்கும் கிடைக்காத ஓர் உண்மையை அவள் கையில் கொண்டுவந்து தர வேண்டும். இது அமைந்துவிட்டால், துப்பறிபவரை ஆணாக மாற்றிப் பார்த்தால் கதையே நகராது. அந்த நிலை வரும் வரை கதைச்சுருக்கத்தைத் திரும்பத் திரும்ப எழுதிப் பார்ப்பது வீணான உழைப்பாகாது.

பொதுவாகச் சொல்லிக்கொண்டே போனால் பயன் இல்லை என்பதால், 1898 ஆம் ஆண்டுச் சென்னையை எடுத்துக்கொண்டு, ஒரே கதையை வளர்த்தபடி முறையை விளக்குகிறேன்.

ஆண்டைத் துல்லியமாகத் தேர்ந்தெடுத்தல்

"பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி" என்ற அளவில் காலத்தை நிறுத்திவிடக் கூடாது. மர்மக் கதையில் ஓர் ஆண்டு முன்னே பின்னே போனாலும் தடயம் செல்லாததாகிவிடும். 1898 என்று வைத்துக்கொண்டால், நமக்குக் கிடைப்பவை இவை: இந்தியத் தண்டனைச் சட்டம் 1862 முதல் நடைமுறையில் இருக்கிறது, சாட்சியச் சட்டம் 1872 இல் வந்துவிட்டது, உயர் நீதிமன்றம் 1892 இல் திறக்கப்பட்ட சிவப்புக் கட்டடத்தில் இயங்குகிறது, 1895 முதல் டிராம் வண்டி மின்சாரத்தில் ஓடுகிறது, சென்னை மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கி இருபத்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன, சாதி இந்துப் பெண்களுக்கும், வெளியார் முன் வராமல் திரைக்குப் பின் வாழ்ந்த கோஷாப் பெண்களுக்குமென 1885 இல் தொடங்கப்பட்ட மருத்துவமனை இருக்கிறது. திருவல்லிக்கேணியில் அதை இன்றும் கோஷா ஆஸ்பத்திரி என்றுதான் சொல்கிறார்கள். கல்கத்தாவில் 1897 இல் கைரேகைப் பிரிவு தொடங்கியிருப்பதால், நம் நாயகி அதைப் பற்றிப் பத்திரிகையில் படித்திருக்கலாம். ஆனால் மயிலாப்பூர்த் தெரு ஒன்றில் கைரேகை நிபுணர் வந்து நிற்க மாட்டார்.

இல்லாதவற்றையும் இதே அக்கறையோடு எழுதிக்கொள்ள வேண்டும். தெருவில் மின்விளக்கு இல்லை. பெண் வக்கீல் இல்லை. பெண் போலீஸ் இல்லவே இல்லை. தமிழ்நாட்டுக் காவல்துறையில் பெண்கள் 1973 இல்தான் சேர்க்கப்பட்டார்கள். இந்தியா முழுமைக்கும் விஷப் பொருள் விற்பனையைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1904 வரை வரவில்லை என்பதால், நாட்டு மருந்துக் கடையில் வெள்ளைப் பாஷாணம் (ஆர்செனிக்) வாங்கியவரின் பெயரை விற்பனைப் பதிவேட்டில் தேடிப் பிடிக்கும் காட்சியை நீங்கள் எழுத முடியாது. கடைக்காரரின் நினைவை மட்டுமே நம்ப வேண்டும். குற்ற விசாரணை நடைமுறைச் சட்டம்கூட அந்த ஆண்டின் நடுவில் மாறுகிறது. புதிய சட்டம் 1898 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்ததால், கொலை மார்ச்சில் நடந்தால் விசாரணை 1882 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தொடங்கும். இந்த அளவு நுணுக்கம் வாசகருக்குத் தெரியவா போகிறது என்று சிலர் கேட்கலாம். தெரிந்த வாசகர் ஒருவர் இருந்தாலும் அவருக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம் என்பது என் எண்ணம்.

கடிகாரத்தையும் கவனியுங்கள். இந்தியாவுக்கு ஒரே நேரம் என்பது 1906 இல்தான் வந்தது. அதற்கு முன் ரயில்கள் சென்னை நேரத்தில் ஓடின. பம்பாய் தன் சொந்த நேரத்தை வைத்திருந்தது. இரண்டுக்கும் ஏறத்தாழ அரை மணி வித்தியாசம். இது பம்பாயிலிருந்து வந்ததாகச் சொல்லும் ஒரு சந்தேக நபரின் வாக்குமூலத்தை அசைத்துப் பார்க்கப் போதுமான இடைவெளி. அதேபோல், வீட்டுக்குள் இருக்கும் பெண்கள் நாழிகையில் கணக்குச் சொல்வார்கள், போலீஸ் மணியில் எழுதிக்கொள்ளும். ஒரு நாழிகை என்பது 24 நிமிடம். "நாலு நாழிகை இருக்கும்" என்று பாட்டி சொன்னதை நாலு மணி நேரம் என்று எழுத்தர் பதிவுசெய்துவிட்டால், அந்த ஒரு பிழையிலிருந்தே ஒருவரைக் குற்றவாளியாக்கும் சாட்சியம் உருவாகிவிடும்.

நாயகிக்கு ஒரு வேலை வேண்டும்

ஆர்வம் மட்டும் இருந்தால் அந்தக் காலப் பெண்ணுக்குக் கதவு திறக்காது. பிறர் வீட்டுக்குள் போக அவளுக்கு ஒரு காரணம் வேண்டும், அந்தக் காரணம் பிறர் கண்ணில் சாதாரணமானதாகப் பட வேண்டும். மருத்துவச்சி, ஆஸ்பத்திரித் தாதி, மிஷன் சார்பில் வீடுவீடாகப் போய்ப் பெண்களுக்குப் படிப்புச் சொல்லித் தந்த ஆசிரியை, பூக்காரி, வண்ணாத்தி, எழுதப் படிக்கத் தெரிந்து சொந்தப் பெயரில் சொத்தும் வைத்திருந்த தேவதாசி என்று பலர் இருக்கிறார்கள். இவர்கள் ஒவ்வொருவருக்கும் திறக்கும் கதவு வேறு, மூடும் கதவு வேறு. சாதியைச் சொல்லாமல் இந்தக் கதையை எழுதவே முடியாது. சாதியை மறைத்துவிட்டு எழுதினால் எந்த வாசலில் யார் ஏன் நிற்கிறார்கள் என்பது வாசகருக்குப் புரியாது, அது அங்கே வாழ்ந்தவர்களுக்குச் செய்யும் அநீதியும்கூட.

உண்மையில் வாழ்ந்தவர்களில் படித்தறிய வேண்டியவர் கொர்னேலியா சொராப்ஜி. நாசிக்கில் 1866 இல் பிறந்த அவர், 1892 இல் ஆக்ஸ்ஃபோர்டில் சட்டத் தேர்வு எழுதினார். அந்தப் பல்கலைக்கழகம் 1920 வரை பெண்களுக்குப் பட்டமே வழங்காததால், அவருக்குப் பட்டம் 1922 இல்தான் கிடைத்தது. வக்கீலாக வாதாட இயலாத அந்த ஆண்டுகளில், 1904 முதல், வங்காளத்தின் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் என்னும் அரசு அமைப்பின் சார்பில், திரைக்குப் பின்னால் வாழ்ந்த பெண்களின் சொத்துத் தகராறுகளை விசாரித்துத் தீர்க்கும் பணியில் இருந்தார். ஆண் அதிகாரிகள் நுழைய முடியாத அந்தப்புரங்களில் அவரால் உட்கார்ந்து பேச முடிந்தது. வக்கீல் தொழிலுக்குப் பெண்கள் தகுதியற்றவர்கள் என்று 1916 இல் ரெஜினா குஹாவின் மனுவைக் கல்கத்தா உயர் நீதிமன்றமும், 1921 இல் சுதாம்சுபாலா ஹஸ்ராவின் மனுவைப் பாட்னா உயர் நீதிமன்றமும் தள்ளுபடி செய்தன. 1923 ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகே தடை நீங்கியது. ஒருவருக்குத் தடையும் அனுமதியும் ஒரே காரணத்தால் அமைவதை சொராப்ஜியின் வாழ்க்கையில் தெளிவாகக் காணலாம். அவரையே பாத்திரமாக்க வேண்டும் என்பதில்லை. அந்த அமைப்பைப் புரிந்துகொண்டால் போதும்.

நம் எடுத்துக்காட்டுக் கதையில் நாயகி, கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, கோஷா ஆஸ்பத்திரியில் பயிற்சி பெற்ற, முப்பது வயதுக்கு உட்பட்ட பெண் என்று கொள்வோம். தஞ்சாவூர் ஜில்லாவைச் சேர்ந்த பிராமண மிராசுதார் ஒருவர், உயர் நீதிமன்ற அப்பீலுக்காகச் சென்னை வந்து மயிலாப்பூரில் வாடகை வீட்டில் குடும்பத்தோடு தங்கியிருக்கிறார். ஒரே இரவில் வாந்திபேதி கண்டு இறந்துபோகிறார். அன்றே தகனம் முடிந்துவிடுகிறது. மறுநாள் அவருடைய இளம் மனைவிக்கும் அதே நோய். ஆண் டாக்டர் அவளைத் தொட்டுப் பார்ப்பதை வீட்டார் விரும்பாததால், ஆஸ்பத்திரியிலிருந்து நம் நாயகியை வரவழைக்கிறார்கள்.

வீட்டின் அமைப்பே மர்மத்தின் அமைப்பு

இந்த வகை நாவலில் நான் அதிக நேரம் செலவிடச் சொல்வது இந்தப் பகுதிக்குத்தான். ஒரு காகிதத்தில் அந்த வீட்டை வரையுங்கள்: திண்ணை, ரேழி, கூடம், முற்றம், தாழ்வாரம், இரண்டாங்கட்டு, சமையலறை, கிணறு, கொல்லை, கொல்லை வாசல். ஒவ்வோர் இடத்திலும் யார் நிற்கலாம், யார் கடக்கலாம், யார் எட்டிப் பார்க்கவும் கூடாது என்று குறியுங்கள். போலீஸ்காரர் திண்ணையில் உட்காருவார். அதிகபட்சம் கூடம் வரை வருவார். வெளியார் முன் வராத பெண் இருக்கும் அறைக்குள் நுழைய வேண்டுமானால், அவள் விலகிப் போகலாம் என்று முன்கூட்டியே தெரிவித்து, விலக அவகாசமும் கொடுக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அந்த அவகாசத்தில் ஒரு சம்புடம் கொல்லை வழியாக வெளியே போய்விட முடியும்.

சமையலறை இன்னும் சிறப்பானது. மடியாக, அதாவது குளித்து ஆசாரச் சுத்தத்தோடு இருப்பவர்கள் தவிர யாரும் அதற்குள் போக முடியாத வீடு அது. விஷம் உணவில் கலந்திருந்தால், அதைச் செய்யக்கூடியவர்களின் எண்ணிக்கையை ஆசாரமே வரையறுத்துவிடுகிறது: தலைமழித்த விதவையான அத்தை, மூத்த மருமகள், சமையல்காரர். பூட்டிய அறைக் கொலை எழுத வேறு பூட்டு எதுவும் தேவையில்லை. விசாரிக்கும் ஆண்கள் இந்த வரையறையை அப்படியே ஏற்றுக்கொண்டு அந்த மூவரையே சுற்றிச் சுற்றி வருவார்கள். நாயகியின் கேள்வி வேறாக இருக்க வேண்டும். சமையலறைக்குள் போக முடியாதவர்கள் அதற்குள் எதை அனுப்புகிறார்கள் என்று அவள் யோசிக்க வேண்டும். பால் எங்கிருந்து வருகிறது? வெல்லம் எந்தக் கடையில் வாங்கியது? நாட்டு மருந்துச் சூரணத்தை யார் இடித்துக் கொடுத்தார்கள்? தன்னைச் சமையலறையின் வாசற்படிக்கு இப்பால் நிறுத்திவைத்திருக்கும் வீட்டில், அந்தப் படிக்கு இப்பால் நடப்பதை அவள்தான் கூர்ந்து பார்க்க முடியும்.

கதையை இறுக்கும் இன்னொரு வழக்கமும் உண்டு. நோயாளியின் அறைக்குள் நாயகி வந்துபோன பின், தீட்டு என்று அந்த அறையைக் கழுவிவிடுவார்கள். அவள் ஒருமுறை உள்ளே போவதே தடயத்தை அழிக்கக் காரணமாகிறது என்றால், அந்த முதல் வருகையில் அவள் எதைப் பார்க்கிறாள், எதை எடுத்துக்கொள்கிறாள் என்பது மிகவும் முக்கியமாகிவிடும். இதைப் போன்ற நெருக்கடியைக் கற்பனையால் மட்டும் உண்டாக்க முடியாது. வழக்கத்தை நுணுக்கமாக அறிந்தால் அது தானாக வந்து நிற்கும்.

கால நெருக்கடியும் அப்படித்தான். பத்தாம் நாள் சடங்கில் அந்த இளம் மனைவியின் தலையை மழித்து, மூலையில் உட்கார வைத்துவிடுவார்கள். பிறகு அவளிடம் தனியாகப் பேசுவது ஏறக்குறைய இயலாத காரியம். ஆகவே உங்கள் நாவலுக்குப் பத்து நாள் கெடு கிடைக்கிறது. ஒவ்வொரு நாளும் வீட்டில் என்ன நடக்கும், யார் வருவார்கள் என்பதும் ஏற்கெனவே வகுக்கப்பட்டிருக்கிறது.

கொலைக்கான காரணத்தைச் சட்டப் புத்தகத்தில் தேடுங்கள்

பொறாமையும் காதலும் எந்தக் காலத்துக்கும் பொருந்தும். அதனாலேயே அவை வரலாற்று நாவலுக்கு மட்டும் போதாதவை. 1898 இல் ஓர் இந்துக் கைம்பெண்ணின் சொத்து நிலை என்ன என்று படித்தால், அந்தக் காலத்தில் மட்டுமே பிறக்கக்கூடிய காரணங்கள் வரிசையாகக் கிடைக்கும். இறந்தவர் அண்ணன் தம்பிகளோடு பாகம் பிரியாதவர் என்றால், சொத்து சகோதரர்களுக்குப் போகும். பிள்ளையில்லாத மனைவிக்கு ஜீவனாம்சம் மட்டுமே. பாகம் பிரிந்தவர் என்றால், மனைவி தன் ஆயுள் வரை அனுபவிக்கலாம், விற்க இயலாது. அவளுக்குப் பின் சொத்து கணவரின் பங்காளிகளைச் சேரும். அவள் ஒரு பிள்ளையைச் சுவீகாரம் (தத்து) எடுத்துவிட்டால் பங்காளிகளின் எதிர்பார்ப்பு முழுவதும் போய்விடும். கணவர் அனுமதி தந்து போகவில்லை என்றாலும், தமிழ்நாட்டில் கணவரின் பங்காளிகளின் சம்மதத்தோடு கைம்பெண் சுவீகாரம் எடுக்கலாம் என்று இராமநாதபுரம் ஜமீன் வழக்கில் 1868 இல் லண்டனில் இருந்த இறுதி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்திருக்கிறது. சம்மதம் தர வேண்டிய பங்காளி யார், அவருக்கு யார் பணம் கொடுத்தார்கள், அவருடைய கையெழுத்து உண்மையானதா என்று ஒரு தீர்ப்பிலிருந்து எத்தனை அத்தியாயங்கள் பிறக்கின்றன என்று பாருங்கள்.

இங்கேயும் நாயகிக்கென ஒரு வழி இருக்கிறது. குடும்பம் பிரிந்ததா இல்லையா என்பதை நிரூபிக்க, உணவிலும் வழிபாட்டிலும் சொத்திலும் தனித்தனியாக வாழ்ந்தார்களா என்று நீதிமன்றங்கள் பார்த்தன. தனி அடுப்பு எப்போது மூட்டப்பட்டது, அமாவாசைத் தர்ப்பணத்துக்கு யார் வீட்டில் சமைத்தார்கள், நவராத்திரிக் கொலு எத்தனை இடத்தில் வைத்தார்கள் என்பதெல்லாம் பெண்களுக்குத்தான் தெரியும். வக்கீல்கள் பத்திரத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போது, தஞ்சாவூர்க் கிராமத்தில் கிணற்றடியில் பேசிக்கொண்டிருக்கும் இரண்டு பெண்கள் அந்த வழக்கின் விடையைச் சொல்லிவிடலாம். அங்கே போக ரயில் இருக்கிறது. 1890 ஆம் ஆண்டு ரயில்வே சட்டப்படி ஒவ்வொரு பயணிகள் ரயிலிலும் பெண்களுக்கென ஒரு பெட்டியாவது ஒதுக்க வேண்டும். அனுமதியின்றி அதில் ஏறும் ஆணுக்கு அபராதம் உண்டு. ஒருவரும் ஒட்டுக்கேட்க முடியாத உரையாடலுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

தடயம், சாட்சி, வாக்குமூலம்

பாஷாணத்தின் அறிகுறிகள் காலராவை ஒத்திருப்பதால், விஷச் சாவுகள் வாந்திபேதி என்ற பெயரில் மறைந்துபோயின என்பது அந்தக் கால மருத்துவ நூல்கள் திரும்பத் திரும்பச் சொன்ன எச்சரிக்கை. வேறுபாடு வரிசையில் இருக்கிறது. பாஷாணத்தில் முதலில் தொண்டை எரியும், வாந்தி வரும், பேதி பின்னால் தொடங்கும். காலராவில் பெரும்பாலும் பேதி முந்திக்கொள்ளும், அது கஞ்சித் தண்ணீர்போல் இருக்கும், குரல் கம்மிப்போகும். வாசலில் நின்று விசாரித்த ஆணுக்கு இந்த வரிசை தெரியாது. இரவு முழுதும் பாத்திரம் பிடித்தவளுக்கும், விடிந்ததும் துணிகளை எடுத்துச் சென்ற வண்ணாத்திக்கும் தெரியும். அவர்களிடம் யாருமே கேட்டிருக்க மாட்டார்கள்.

உடல் எரிந்துவிட்ட பிறகு மிஞ்சுவது துணி. வண்ணார்கள் சேங்கொட்டைச் சாற்றால் போடும் குறி எத்தனை முறை வெள்ளாவி வைத்தாலும் அழியாது. எந்தத் துணி எந்த வீட்டுடையது என்பதை அது சொல்லிவிடும். காலராவுக்குப் பயந்து வெளுக்காமல் மூட்டையாகவே ஒதுக்கி வைத்த ஒரு வேட்டி இருந்தால், அதைச் சோதிக்கச் சென்னையில் இரசாயனப் பரிசோதகர் இருக்கிறார். இந்தியாவின் முதல் இரசாயனப் பரிசோதனைக் கூடம் 1849 இல் இங்கேதான் அமைந்தது. பாஷாணத்தைக் கண்டறியும் மார்ஷ் சோதனை 1836 முதல் வழக்கத்தில் இருந்தது. திசைதிருப்ப வேண்டுமானாலும் சேங்கொட்டையே உதவும். அதன் சாறு தோலில் பட்டால் அடிபட்டுக் கன்றியதுபோல் தோன்றும். பொய்ப் புகார் கொடுக்க அதைப் பூசிக்கொண்டவர்களைப் பற்றி மருத்துவச் சட்ட நூல்கள் பேசுகின்றன. குறி போடத் தெரிந்த வண்ணாத்தியால் போலிக் காயத்தை ஒரு பார்வையில் அடையாளம் காண முடியும். ஊமத்தையை மட்டும் கவனமாகக் கையாளுங்கள்: வழிப்பயணிகளை மயக்கிக் கொள்ளையடிக்கத்தான் அது பெரிதும் பயன்பட்டது, விரிந்த கண்பாவை, வறண்ட நாக்கு, பிதற்றல் ஆகியவற்றைக் கொண்டு எளிதில் வெளிப்பட்டும்விடும்.

தடயத்தைக் கண்டுபிடிப்பதோடு வேலை முடிவதில்லை. அது சாட்சியமாக வேண்டும். சோதனையின்போது அந்த வட்டாரத்தைச் சேர்ந்த மரியாதைக்குரிய இருவர் உடன் இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்டது. நடைமுறையில் அவர்கள் ஆண்களே. நாயகி தன் கையில் வைத்திருக்கும் துணி மூட்டைக்குச் சட்டத்தில் மதிப்புக் கிடைக்க, அவள் ஓர் ஆணை நம்ப வைத்தாக வேண்டும். யாரை நம்புவது என்பது கதையின் பெரிய முடிச்சுகளில் ஒன்றாக இருக்கட்டும். இன்னொரு பக்கம், பெண்ணை உடற்சோதனை செய்ய வேண்டுமானால் இன்னொரு பெண்ணே கண்ணியம் குறையாமல் செய்ய வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. போலீஸ் தானாக முன்வந்து நம் நாயகியை அழைக்க வேண்டிய தருணம் இதன் மூலம் கிடைக்கிறது. சாட்சிக் கூண்டில் ஏறப் பெண்ணுக்குச் சட்டத்தில் தடை எதுவும் இல்லை. தடுப்பது வழக்கம்தான்; ஊர் பார்க்கக் கூண்டில் நின்ற பெண்ணை வீடு எப்படி வரவேற்கும் என்பதே கேள்வி.

கடைசி அத்தியாயத்தில் குற்றவாளி இன்ஸ்பெக்டர் முன்னிலையில் அனைத்தையும் ஒப்புக்கொள்ளும் காட்சியை எழுதாதீர்கள். சாட்சியச் சட்டத்தின்படி போலீஸ் அதிகாரியிடம் தந்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றவாளிக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது. மாஜிஸ்டிரேட் முன் தந்தால்தான் அதற்கு மதிப்பு உண்டு. இதை அறிந்த குற்றவாளி இன்ஸ்பெக்டரிடம் தாராளமாகப் பேசிவிட்டுக் கோர்ட்டில் மௌனம் சாதித்தால், அது நீங்கள் எழுத நினைத்த காட்சியைவிட வலுவாக அமையும்.

மீறலுக்கு விலை உண்டு

நாயகி ஒவ்வொரு முறை எல்லை தாண்டும்போதும் ஏதாவது ஒன்றை இழக்க வேண்டும், ஒரே பொருளையே திரும்பத் திரும்ப இழக்கவும் கூடாது. முதல் முறை பேர் கெடலாம். அடுத்த முறை வேலைக்கு ஆபத்து வரலாம், ஏனென்றால் நோயாளிகளின் வீட்டு இரகசியத்தை வெளியே சொல்லும் தாதியை எந்தக் கோஷாக் குடும்பமும் மறுபடி அழைக்காது. ஒருத்தி பேசியதால் ஆஸ்பத்திரியின் மேலேயே நம்பிக்கை போய், பிரசவத்துக்கு வர வேண்டிய பெண்கள் வராமல் போகலாம். இந்த நியாயத்தை அவளுடைய மேலதிகாரியான டாக்டர் அம்மாள் எடுத்துச் சொல்லும்போது, வாசகருக்கும் அது சரி என்று பட வேண்டும். அதற்குப் பிறகும் அவள் பேசத் துணிந்தால்தான் அவளுடைய துணிவுக்கு எடை உண்டு.

வழக்கத்தைக் காப்பவர்களையும் மனிதர்களாக எழுதுங்கள். தலைமழித்த அத்தை நாயகியைப் படியேற விடாமல் தடுக்கிறாள் என்றால், அந்த வீட்டில் அவளுக்கு இருக்கும் ஒரே அதிகாரம் அந்தச் சமையலறைதான் என்பதை நினைவில் வையுங்கள். ஆசாரம் தளர்ந்தால் அவளுக்கு அங்கே இடமே இல்லை. அவளை நாயகியின் பக்கம் கொண்டுவர வாதம் உதவாது. அவளுடைய சமையலில் விஷம் கலந்தது என்று ஊர் சொல்கிறதே, அந்தப் பழியைத் துடைக்க நாயகி ஒருத்திதான் முயல்கிறாள் என்று அத்தை உணர வேண்டும். இருவரும் வாசற்படிக்கு இரு புறமும் நின்றுகொண்டு, ஒருவரையொருவர் தொடாமல் பேசும் ஒரு காட்சியை நன்றாக எழுதிவிட்டால் நாவலின் பாதிப் பாரம் இறங்கிவிடும்.

பேச்சும் சொல்லும்

கதை சொல்லும் நடை இன்றைய எழுத்துத் தமிழாகவே இருக்கலாம். பழைய நடையில் முந்நூறு பக்கம் எழுதினால் படிப்பவர் களைத்துவிடுவார். பேச்சில் மட்டும் காலத்தைக் காட்டுங்கள்: கச்சேரி, ஜில்லா, சிரஸ்தார், யாதாஸ்து, மகஜர், முச்சலிக்கா, ஜட்கா வண்டி, சீமையெண்ணெய், தம்பிடி. வயதை எண்ணாகச் சொல்லாமல், தாது வருஷப் பஞ்சத்தில் கைக்குழந்தையாக இருந்தேன் என்று ஒருத்தி சொன்னால், 1876 இல் தொடங்கிய அந்தப் பஞ்சத்திலிருந்து அவள் வயதை நாயகி கணக்கிட்டுக்கொள்வாள்; பொய் வயது சொல்லிப் பத்திரத்தில் கைநாட்டு வைத்தவரையும் இப்படியே பிடிக்கலாம். மிராசுதார் வீட்டுப் பாட்டி நாயகியை "நீ" என்றும், நாயகி அவரை "அம்மா" என்றும்தான் அழைப்பார்கள். இருவருக்கும் நட்பு முதிர்ந்த பிறகும் இது மாறாது.

"உரிமை", "சமத்துவம்" என்ற சொற்களை நாயகியின் வாயில் வைக்காதீர்கள். இந்தியா முழுவதும் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லாத காலம் அது. அவளுக்குத் தன் கண்ணால் பார்த்ததில் உறுதி இருக்கிறது. ஒருவர் செய்யாத குற்றத்துக்காகத் தூக்கில் தொங்கப் போகிறார் என்ற பதைப்பு இருக்கிறது. இவை போதும்.

ஆவணங்களைப் படிக்கும்போது

எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகமும், தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் இந்த வேலைக்கு அடிப்படை. 1876 முதல் வெளிவந்த சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்புத் தொகுதிகளில் கைம்பெண்களின் சொத்து வழக்குகளைத் தேடிப் படியுங்கள். தீர்ப்பைவிட, வழக்கின் சுருக்கம் சொல்லப்படும் முதற்பக்கங்களே நாவலாசிரியருக்குப் பயன் தருபவை: யார் எப்போது வீட்டை விட்டுப் போனார்கள், நகைப் பெட்டி யாரிடம் இருந்தது, எந்தச் சாட்சி பல்டியடித்தார் என்பதெல்லாம் அங்கே இருக்கும். பழைய பத்திரிகைகளில் செய்தியோடு விளம்பரங்களையும் பாருங்கள். என்ன மருந்து என்ன விலைக்கு விற்றது என்று விளம்பரம்தான் சொல்லும். திரட்டியதில் பெரும்பகுதி நாவலுக்குள் வராது, வரவும் வேண்டாம். கால் அணா போஸ்ட்கார்டு பற்றி ஒரு பக்கம் எழுத ஆசையாக இருக்கும். ஒருத்தி அதை வாங்கக்கூட யாரிடம் காசு கேட்க வேண்டியிருந்தது என்ற ஒரே வரியை எழுதினால் காலமும் வரும், அவளுடைய நிலையும் வரும்.

முடிவும் பின்குறிப்பும்

குற்றவாளி யார் என்பது தெரிந்த பிறகு, அது எந்தப் பதிவில் யார் பெயரில் ஏறுகிறது என்பதைத் தீர்மானியுங்கள். 1898 இல் நாயகியின் கண்டுபிடிப்பு ஓர் இன்ஸ்பெக்டரின் அறிக்கையாகவோ, ஒரு வக்கீலின் வாதமாகவோ மாறியே நீதிபதியின் மேசைக்குப் போகும். அவளுக்குப் பாராட்டு விழா எடுத்து முடிப்பது அந்தக் காலத்துக்குப் பொருந்தாது. அனைத்தையும் இழந்து அழுதபடி நிற்க வைப்பதும் அவளுடைய உழைப்பைச் சிறுமைப்படுத்தும். அடுத்த வீட்டிலிருந்து அவளுக்கு மறுபடி அழைப்பு வருகிறதா, வந்தால் எந்த வாசல் வழியாக உள்ளே வரச் சொல்கிறார்கள் என்பதைக் காட்டினால் அவளுடைய நிலை மாறியதா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

நாவலின் இறுதியில் இரண்டு பக்கப் பின்குறிப்பு சேர்ப்பது நல்ல வழக்கம். எந்தச் சட்டமும் எந்த ஆண்டும் உள்ளபடி எடுத்துக்கொள்ளப்பட்டவை, எதைக் கதைக்காகச் சில மாதங்கள் முன்னோ பின்னோ நகர்த்தினீர்கள், எந்தத் தெருவும் எந்தக் குடும்பமும் முழுக்கக் கற்பனை என்பதை அதில் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். உண்மையில் வாழ்ந்த ஒருவரின் வழக்கிலிருந்து நிகழ்ச்சியை எடுத்திருந்தால், அந்தக் குடும்பத்தின் வாரிசுகள் இன்றும் இருக்கக்கூடும் என்பதை மறக்காமல், ஊரையும் பெயரையும் உறவுமுறையையும் மாற்றிய பிறகே அச்சுக்கு அனுப்புங்கள்.